பேரப்பிள்ளைகளோடு அரை நாள்: திருச்சியிலிருந்து கூட்டம் இல்லாத பழைய ஊர் எது?

திருவெறும்பூர் தாத்தா:

வணக்கம். மகள் பிள்ளைகள் இரண்டும் பெங்களூரிலிருந்து லீவுக்கு வந்திருக்கின்றன. பேத்திக்கு 9 வயது, பேரனுக்கு 6. மலைக்கோட்டை, ஸ்ரீரங்கம், முக்கொம்பு, கல்லணை எல்லாம் முதல் வாரத்திலேயே தீர்ந்துபோயிற்று. தஞ்சாவூருக்குப் போன வருஷம் கூட்டிப் போனேன். கூட்டத்தில் பேரன் கையை உருவிக்கொண்டு போய்விட்டான். பத்து நிமிஷம் என் உயிர் என்னிடம் இல்லை. அதனால் இந்த முறை கூட்டம் இல்லாத இடமாகப் பார்க்கிறேன். விடிகாலையில் கிளம்பி மதியச் சாப்பாட்டுக்கு வீடு திரும்பிவிட வேண்டும்.

எனக்கு 68. இடது முழங்கால் கொஞ்சம் தகராறு. வீட்டுக்காரம்மா, "மலையா இருந்தா நான் கீழயே உக்காந்துக்கறேன்" என்று இப்போதே சொல்லிவிட்டாள். புதுக்கோட்டை ரோட்டில் காரைக்குடிக்கு எத்தனையோ தடவை போய்வந்திருக்கிறேன். ஒரு தடவைகூட வழியில் வண்டியை நிறுத்திப் பார்த்ததில்லை. அந்தப் பக்கம் பிள்ளைகளுக்குச் சரிப்படுகிற இடம் இருந்தால் சொல்லுங்கள்.

கீரனூர்க்காரி:

ஐயா, எங்க ஊர் வழியாவே இத்தனை வருஷம் போயிருக்கீங்க! கீரனூர் தாண்டினதும் மொட்டை மொட்டையா பாறை மலைகள் தெரியுமே, அதுதான் நார்த்தாமலை. ஊர்ப் பேரைச் சொன்னாலே எல்லாருக்கும் பங்குனித் திருவிழா முத்துமாரியம்மன்தான் ஞாபகம் வரும். மேலமலையில ஒரு பழைய சிவன் கோயில் இருக்குன்னு பாதிப் பேருக்குத் தெரியாது. விஜயாலய சோழீச்சரம்னு பேரு. அதுக்கு நேர் எதிரே பாறையில குடைஞ்ச கோயில் ரெண்டு இருக்கு. வார நாள்ல போனா நீங்களும் ஆட்டுக்குட்டிகளும்தான்.

மலைன்னதும் பழனி மாதிரி நினைச்சிடாதீங்க. யானை படுத்துக் கிடக்கிற மாதிரி சரிவான பாறை. என் மாமியார் 71 வயசுல நின்னு நின்னு ஏறினாங்க. ஆனா மே மாசம். ஒன்பது மணிக்கு மேல அந்தப் பாறை தோசைக்கல்லு. ஆறு மணிக்கெல்லாம் அடிவாரத்துல இருங்க. பிள்ளைகளுக்குப் பழைய சாக்ஸ் ஆளுக்கு ஒரு ஜோடி எடுத்துக்கோங்க. கோயில் வாசல்ல செருப்பைக் கழட்டினதும்தான் அதோட அருமை தெரியும். மேல கடை, குழாய், கக்கூஸ் எதுவும் கிடையாது. தண்ணி நிறைய வேணும்.

பழைய வாத்தியார்:

புதுக்கோட்டை மாவட்டத்தைச் சரியாகப் பார்க்க வேண்டுமானால் ஒரு திட்டம் வேண்டும். காலை 6 மணி நார்த்தாமலை, 9 மணி குடுமியான்மலை, 10.30 சித்தன்னவாசல், 12.30 திருக்கோகர்ணம் அருங்காட்சியகம், 3 மணி திருமயம் கோட்டை. ஒரே நாளில் முடித்துவிடலாம். நான் வரலாற்று ஆசிரியராக இருந்தபோது மாணவர்களை அப்படித்தான் அழைத்துப் போவேன்.

காரைக்குடி ஆச்சி:

வாத்தியாரே, நீங்க சொல்றதுக்குப் பேரு தபால் பட்டுவாடா. ஆறு வயசுப் பிள்ளை மூணாவது ஊர்லயே வண்டிக்குள்ள படுத்துக்கும். அதைத் தோள்ல தூக்கிட்டு முழங்கால் வலிக்காரர் எப்படிக் கோட்டை ஏறுவார்?

ஒரு நாளைக்கு ஒரு ஊர். நான் என் பேரன்மார் மூணு பேரையும் திருமயத்துக்கு மட்டும் நாலு தடவை கூட்டிப் போயிருக்கேன். ஒரு தடவை மேல இருக்கிற பீரங்கி. ஒரு தடவை கீழே குகையில அனந்தசயனப் பெருமாள். பாம்பு, சுத்தி நிக்கிறவங்க, ஓடுற அசுரங்க எல்லாத்தையும் எண்ணிக்கிட்டே உக்காந்திருந்தானுங்க. கோட்டையைக் கிழவன் சேதுபதி 1687ல கட்டினார்னு பெரியவன் பள்ளிக்கூடத்துல சொல்லி நல்ல பேரு வாங்கிட்டான். சின்னவனுக்கு இன்னைக்கும் தெரிஞ்சது, அங்கே வாசல்ல நான் வாங்கிக் கொடுத்த நுங்கு மட்டும்தான். இருக்கட்டுமே.

விராலிமலை மயில்:

கீழேயே உட்காரப் போகிற பாட்டிக்காக ஒரு வார்த்தை. மலையே வேண்டாம் என்றால் மதுரை ரோட்டில் கொடும்பாளூர் மூவர் கோயில் போங்கள். திருச்சியிலிருந்து சுமார் 40 கி.மீ. சமதரை, புல்வெளி, மரநிழல். பாட்டியும் எல்லாவற்றையும் பார்க்கலாம். பூதி விக்கிரமகேசரி என்ற இருக்குவேள் தலைவர் 10ஆம் நூற்றாண்டில் கட்டிய கோயில். தன் பெயரில் ஒன்று, மனைவியர் கற்றளி, வரகுணை பெயரில் ஒவ்வொன்று, ஆக மூன்று. இப்போது நிற்பது இரண்டுதான். மூன்றாவதற்கு அடித்தளம் மட்டும் மிச்சம். "மூவர்னா மூணு ராஜாவா?" என்று எல்லாப் பிள்ளைகளும் கேட்கும். அங்கிருந்தே கதையை ஆரம்பிக்கலாம்.

கோவலனும் கண்ணகியும் மதுரைக்கு நடந்த வழியில் இந்த ஊர் வருகிறது. கொடும்பை நெடுங்குளத்துக் கரையில் பாதை சூலம் மாதிரி மூன்றாகப் பிரியும் என்று சிலப்பதிகாரம் சொல்கிறது. இன்றைக்கு நான்கு வழிச்சாலையில் எல்லோரும் 100 கி.மீ. வேகத்தில் அதைத் தாண்டிப் போகிறோம். திரும்பும்போது விராலிமலையில் மயில் பார்க்கலாம். முறுக்குப் பொட்டலத்தைக் கையில் வைத்துக்கொண்டு குரங்குகள் முன்னால் மட்டும் நிற்க வேண்டாம்.

திருவெறும்பூர் தாத்தா:

எல்லோருக்கும் நன்றி. ஆச்சி சொன்னபடி ஒரு நாளைக்கு ஒரு ஊர். முதலில் நார்த்தாமலை. பேத்தி "ஏறுற இடம்தான் வேணும்" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டாள். செவ்வாய்க்கிழமை போகிறோம். வாத்தியார் சாரிடம் ஒரு கேள்வி. போகிற வழியில் பிள்ளைகளுக்கு என்ன சொல்வது? அனுமார் சஞ்சீவி மலையைத் தூக்கிக்கொண்டு போகும்போது சிதறிய துண்டுதான் நார்த்தாமலை என்று என் அம்மா சொல்லக் கேட்டிருக்கிறேன்.

பழைய வாத்தியார்:

அதைத் தயவுசெய்து சொல்லாதீர்கள். நாரதர் மலை என்றும் ஒரு கதை சொல்வார்கள், அதுவும் வேண்டாம். நகரத்தார் மலை என்பதே நார்த்தாமலை ஆயிற்று. நகரத்தார் என்றால் வணிகர் கூட்டம். அந்தக் காலத்து வணிக ஊர் அது. உண்மையே சுவையாக இருக்கும்போது கதை எதற்கு?

கீரனூர்க்காரி:

சார், ஆறு வயசுப் பையன்கிட்ட வணிகர் கூட்டம்னு சொன்னா, "அப்ப ஐஸ்கிரீம் கடை இருக்குமா?"ன்னுதான் கேட்பான். அனுமார் கதையையே சொல்லுங்க ஐயா. எங்க ஊர்ப் பிள்ளைங்க எல்லாம் அதைக் கேட்டுத்தான் வளர்ந்தோம். அதனால யாரும் வரலாற்றுல ஃபெயில் ஆகலை.

மலைகளோட பேரைச் சொன்னாலே பாதி வழி ஓடிடும். மேலமலை, கோட்டைமலை, கடம்பர்மலை, பொம்மமலை, மண்மலை, பொன்மலை, ஆளுருட்டிமலை. கடைசிப் பேரைச் சொல்லிட்டு, ஏன் அந்தப் பேருன்னு அவங்களையே யோசிக்க விடுங்க. என் பசங்க ரெண்டு நாள் வேற பேச்சே பேசலை.

திருவெறும்பூர் தாத்தா:

போய் வந்துவிட்டோம். நடந்ததை வரிசையாகச் சொன்னால்தான் புரியும். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நாலே முக்காலுக்கு எழுந்து, இட்லியில் மிளகாய்ப்பொடி தடவி வாழையிலையில் கட்டி, ஆறு மணிக்கு அடிவாரம். வீட்டுக்காரம்மா குளத்தங்கரையில் மரத்தடியாகப் பார்த்து உட்கார்ந்துவிட்டாள். நாங்கள் மூவரும் ஏறினோம். வழியில் அனுமார் கதையையும் சொன்னேன், நகரத்தார் கதையையும் சொன்னேன். (வாத்தியார் சார் மன்னிக்கவும்.) பேரன் அனுமாரை எடுத்துக்கொண்டான். பேத்தி, "ரெண்டுல எது நிஜம் தாத்தா?" என்று பிடித்துக்கொண்டாள். "ஒண்ணு எங்கம்மா சொன்னது, இன்னொண்ணு வாத்தியார் சொன்னது" என்றேன்.

மேலே போனதும் நானே வாயடைத்துப் போனேன். வெறும் பாறை, வானம், நடுவில் அந்தக் கோயில். மேற்கே பார்த்த வாசலில் இரண்டு துவாரபாலகர்கள். சுற்றிலும் சின்னச் சின்னக் கோயில்கள், சிலது இடிந்து, சிலது முழுசாக. கருவறைக்கு வெளிச்சுவர் சதுரம், உள்சுவர் வட்டம். "டப்பாக்குள்ள டம்ளர் வெச்ச மாதிரி" என்றான் பேரன். இதைவிடச் சுருக்கமாக யாராலும் சொல்ல முடியாது.

எதிரே பெரிய குகையில் பன்னிரண்டு பெருமாள், ஆள் உயரம், வரிசையாக. "எல்லாரும் ஒரே மாதிரி இருக்காங்க, ஸ்கூல் யூனிஃபார்மா?" என்று கேட்டுவிட்டு இரண்டும் வித்தியாசம் கண்டுபிடிக்கிற விளையாட்டில் இறங்கின. அரை மணி நேரம் ஓடிற்று. அந்த நேரத்தில் என் முழங்காலுக்கு நல்ல ஓய்வு.

இதற்குப் பிறகுதான் வினை. வருவதற்கு முன் கொஞ்சம் படித்து வைத்திருந்தேன். முதலில் பார்த்த சிவன் கோயிலைக் கட்டியவர் சாத்தன் பூதி என்கிற முத்தரையர் தலைவர். மழையில் சேதமாகிவிட்டது. மல்லன் விடுமன் என்பவர் அதைப் புதுப்பித்தார். கல்வெட்டில் இருக்கிற செய்தி. பக்கத்தில் பழியிலி ஈச்சரம் என்ற சின்னக் குடைவரை. அதைக் குடைவித்தவர் சாத்தன் பழியிலி. அதற்கு முன்மண்டபமும் நந்தியும் செய்துவைத்தது அவர் மகள், பெயர் சிறிய நங்கை. மகள் என்றதும் பேத்தியின் முகத்தைப் பார்க்க வேண்டும். "பொண்ணு பேரும் கல்லுல இருக்கா?" என்று மூன்று தடவை கேட்டாள். "ஆமாம்மா, ஆயிரம் வருஷத்துக்கு மேல ஆச்சு, பேரு இன்னும் நிக்குது பார்" என்று நானும் கொஞ்சம் ஆவேசமாகவே சொல்லிவிட்டேன்.

ஐந்து நிமிஷம் கழித்துத் திரும்பிப் பார்த்தால் பேரனைக் காணோம். தஞ்சாவூர் ஞாபகம் வந்து நெஞ்சு அடைத்தது. பாறைச் சரிவில் குந்தி உட்கார்ந்து, செங்கல் துண்டால் தன் பெயரைப் பெரிசு பெரிசாக எழுதிக்கொண்டிருக்கிறான். கோயில் சுவரில் இல்லை, வெறும் பாறையில்தான். இருந்தாலும் எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. "என்னடா பண்றே!" என்று கத்தினேன். அவன் நிதானமாக, "ஆயிரம் வருஷம் நிக்கும்னீங்களே தாத்தா" என்றான்.

எனக்குப் பதில் வரவில்லை. நீங்களாக இருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள்?

காரைக்குடி ஆச்சி:

சிரிச்சு முடியலை. பிள்ளை சரியாத்தான் கேட்டிருக்கான். நீங்கதான் மாட்டிக்கிட்டீங்க.

பழைய வாத்தியார்:

இதில் சிரிக்க ஒன்றுமில்லை. இன்றைக்குப் பாறை, நாளைக்குச் சுவர். சித்தன்னவாசலின் ஓவியங்கள் எந்த நிலையில் இருக்கின்றன என்று போய்ப் பாருங்கள். கூரையில் தாமரைக் குளம், மீன்கள், யானை, எருமை, பூப்பறிக்கிறவர்கள். கைக்கு எட்டாத கூரையில் இருப்பவைதான் ஓரளவு பிழைத்திருக்கின்றன. தூண்களில் இருந்தவற்றில் கொஞ்சம்தான் மிச்சம். எத்தனை குகைகளில் காதலர்கள் அம்பு துளைத்த இதயம் வரைந்து வைத்திருக்கிறார்கள்! பையனை அப்போதே கண்டித்திருக்க வேண்டும்.

விராலிமலை மயில்:

கண்டிக்கலாம் சார். ஆனால் பையன் எழுப்பிய சந்தேகம் தீராதே. அதே சித்தன்னவாசலில் மலைக்கு மேல் ஏழடிப்பாட்டம் என்ற குகையில், சமணத் துறவிகளுக்காக வெட்டிய பதினேழு கற்படுக்கைகள் இருக்கின்றன. ஒரு படுக்கையின் ஓரத்தில், அதைச் செய்து கொடுத்தவர் பெயரைத் தமிழ்ப் பிராமி எழுத்தில் வெட்டி வைத்திருக்கிறார்கள். வயது சுமார் இரண்டாயிரம் வருஷம். அதை வேலி போட்டுக் காக்கிறோம். பக்கத்தில் ஒருவன் ஆணியால் தன் பெயரைக் கீறினால் அபராதம். பிள்ளை கண்ணுக்கு இரண்டும் கல்லில் எழுதின பெயர்தானே?

கீரனூர்க்காரி:

அவங்க ஏதோ ஒண்ணைச் செஞ்சுட்டுப் பேரு போட்டாங்க. படுக்கை வெட்டினாங்க, மண்டபம் கட்டினாங்க. சும்மா வந்து பார்த்துட்டுப் போனதுக்காகப் பேரு போடலையே. அதைச் சொல்லியிருக்கலாம் ஐயா.

திருவெறும்பூர் தாத்தா:

அதையேதான் சொன்னேன் அம்மா. ஐந்து நிமிஷம் யோசித்த பிறகுதான் அது எனக்குத் தோன்றியது. "அந்தத் தாத்தா கோயில் கட்டினார், அந்த அக்கா மண்டபம் கட்டினா. நீ என்னடா கட்டின?" என்று கேட்டேன். பையன் யோசித்தான். பிறகு ஒன்றும் பேசாமல் என் பையிலிருந்து தண்ணீர் பாட்டிலை எடுத்து, பாறையில் ஊற்றி, சாக்ஸைக் கழற்றித் தேய்க்க ஆரம்பித்துவிட்டான். பேத்தியும் சேர்ந்துகொண்டாள். செங்கல் நிறம் லேசில் போகவில்லை. இரண்டு லிட்டர் பாட்டில் இரண்டையும் காலி பண்ணிவிட்டுத்தான் நிமிர்ந்தார்கள்.

மணி எட்டே முக்கால். வெயில் ஏறிவிட்டது. கையில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. பேரனுக்கு ஒரு காலில் ஈர சாக்ஸ், இன்னொரு காலில் அதுவும் இல்லை, அதை எங்கேயோ போட்டுவிட்டான். கீரனூர் அம்மா எச்சரித்தது எல்லாம் வரிசையாக ஞாபகம் வந்தது. பாதி வழியில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு பெரியம்மா, தூக்குச் சட்டியிலிருந்து நீராகாரம் ஊற்றிக் கொடுத்தார். வீட்டில் மோரைக் கண்டாலே முகம் சுளிக்கிற பேத்தி இரண்டு தம்ளர் குடித்தாள்.

கீழே வந்ததும் வீட்டுக்காரம்மாவிடம் பேரன் நடந்ததை எல்லாம் ஒப்பித்தான். கடைசியில் ஒரு கேள்வி: "பாட்டி, கோயிலைக் கட்டினவர் பேரும் இருக்கு, ரிப்பேர் பண்ணின மல்லன் விடுமன் பேரும் இருக்கு. நான் பாறையை க்ளீன் பண்ணேன்ல, இப்ப போடலாமா?"

அவள் அவன் வாயில் ஒரு இட்லியை வைத்து அடைத்துவிட்டாள்.

பழைய வாத்தியார்:

பையனைக் கண்டித்திருக்க வேண்டும் என்று எழுதியதை வாபஸ் வாங்குகிறேன். முப்பது வருஷம் பாடம் நடத்தியிருக்கிறேன், புதுப்பித்தவர் பெயரும் கல்வெட்டில் வருகிறதே என்று ஒரு மாணவனும் என்னிடம் கேட்டதில்லை. சித்தன்னவாசலில் ஓவியங்கள் இருக்கிற சமணக் குடைவரையான அறிவர் கோயிலிலும் அதே செய்தி உண்டு. மதுரை ஆசிரியர் இளங்கௌதமன் என்பவர் அதைப் புதுப்பித்து முன்மண்டபம் எடுத்தார் என்று பாண்டியர் காலக் கல்வெட்டு சொல்கிறது. பேரனிடம் சொல்லுங்கள்.

பேத்திக்கு இன்னொன்று. சாத்தன் பூதி கட்டிய கோயிலுக்கு விஜயாலய சோழன் பெயர் ஏன் என்று அவள் கேட்டாளா?

திருவெறும்பூர் தாத்தா:

கேட்காமல் இருப்பாளா? வண்டியில் ஏறினதும் அதுதான் முதல் கேள்வி. "கட்டினது ஒருத்தர், பேரு இன்னொருத்தருக்கா? க்ரூப் ப்ராஜெக்ட் மாதிரி இருக்கே" என்றாள்.

பழைய வாத்தியார்:

அந்தப் பக்கத்தை அப்போது கையில் வைத்திருந்தவர்கள் முத்தரையர்கள். 9ஆம் நூற்றாண்டின் நடுவில் விஜயாலயன் தஞ்சாவூரைப் பிடிக்கிறான், அதன் பிறகு சோழர் கை ஓங்குகிறது. சோழன் கட்டியதாகவே எழுதியவர்களும் உண்டு. கல்வெட்டை முன்னால் வைத்துப் பார்க்கிற நான் சாத்தன் பூதி பக்கம். அவளிடம் இரண்டையும் சொல்லுங்கள், அவளே முடிவு பண்ணட்டும். அனுமார் கதையையும் வேண்டுமானால் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கீரனூர்க்காரி:

வாத்தியார் சார் அனுமாரை ஒத்துக்கிட்டார்! இந்த இழையை யாராவது கல்லுல வெட்டி வைங்க.

விராலிமலை மயில்:

அடுத்தது கொடும்பாளூர்தானே? இந்த முறை பாட்டியையும் உள்ளே அழைத்துப் போங்கள்.

திருவெறும்பூர் தாத்தா:

நேற்றே அது முடிந்தது ஐயா. பாட்டி மூன்று சுற்றுச் சுற்றினாள், எனக்குத்தான் கால் வலி. மூன்றாவது கோயிலின் வெறும் அடித்தளத்தின் முன்னால் நின்று, "இது யாரோடது? கற்றளியோடதா, வரகுணையோடதா?" என்று பேத்தி கேட்டாள். காவலரையும் கேட்டோம், அவர் சிரித்துக்கொண்டே தலையாட்டினார். வீடு வருகிற வரைக்கும் அதே விசாரணை. பாட்டி மட்டும், "யாரோடதா இருந்தா என்ன, ரெண்டு பொண்டாட்டிக்கும் சமமாக் கட்டியிருக்கார், அதுவே பெரிசு" என்றாள்.

இன்று காலை அருங்காட்சியகம் போகலாம் என்று கிளம்பினோம். அம்மன் காசு பார்க்க வேண்டும் என்று பேரன் குதித்துக்கொண்டிருந்தான். புதுக்கோட்டை சமஸ்தானத்தின் செப்புக்காசு, ஒரு பக்கம் பிரகதாம்பாள், மறுபக்கம் தெலுங்கில் "விஜய" என்று நேற்று ராத்திரியே சொல்லி வைத்திருந்தேன். போய்ச் சேர்ந்தால் கேட்டில் பூட்டு.

காரைக்குடி ஆச்சி:

இன்னைக்கு வெள்ளிக்கிழமையாச்சே! அரசு அருங்காட்சியகத்துக்கு வெள்ளி லீவு. திட்டம் போட்டுக் கொடுத்த வாத்தியார் அதைச் சொல்லலையா?

பழைய வாத்தியார்:

நான் மாணவர்களைச் சனிக்கிழமைகளில்தான் அழைத்துப் போவேன்.

திருவெறும்பூர் தாத்தா:

பரவாயில்லை. பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு ஓட்டலில் முட்டை மாஸ் சாப்பிட்டுவிட்டு வந்தோம். பேரன் பூட்டிய கேட்டையும் போட்டோ எடுத்து அவன் அம்மாவுக்கு அனுப்பிவிட்டான். பிள்ளைகளுக்குச் செவ்வாய்க்கிழமை ராத்திரி ரயில். நடுவில் மூன்று நாள் இருக்கிறது. சித்தன்னவாசலுக்கு ஞாயிறு போகலாமா, திங்கள் போகலாமா? ஏழடிப்பாட்டம் ஏற இந்த முழங்கால் தாங்குமா என்று யாராவது சொல்லுங்கள்.

கீரனூர்க்காரி:

திங்கள் போங்க ஐயா. ஞாயிறுன்னா பக்கத்துப் பூங்காவுக்குக் கூட்டம் வரும். மேல படியும் கம்பிப் பிடியும் இருக்கு, ஆனா வெயில் நேரே முகத்துல அடிக்கும். அதை முதல்ல முடிச்சிட்டு அப்புறம் கீழே ஓவியம் பாருங்க. அறிவர் கோயில் உள் அறையில நின்னு வாயை மூடிக்கிட்டு "ம்ம்ம்"னு ரீங்காரம் பண்ணச் சொல்லுங்க, சுவரே கூடப் பாடும். தண்ணி ஆறு லிட்டர். சாக்ஸ் மூணு ஜோடி.

திருவெறும்பூர் தாத்தா:

சரி அம்மா. கிளம்பும்போது பேரனுடைய சட்டைப் பையையும் ஒரு தடவை பார்த்துக்கொள்கிறேன். நேற்றுத் துவைக்கப் போட்ட டவுசரிலிருந்து இன்னொரு செங்கல் துண்டு விழுந்தது.